மீதம்: ஒன்று

மீனாட்சி பஜாரில் படிக்கட்டுக்கு அடியில் என் கடை.
குனிந்து வந்தால் தலை தப்பும்.
வேலுத்தாய் குனியாமலே வந்தார், அவ்வளவு குட்டை.
ஒத்தக்கடையில் பள்ளிச் சீருடை தைக்கிறவர்,
கழுத்தில் அளவு நாடா கழற்ற மறந்து தொங்கியது.
சுட்ட அப்பளத்தை எடுப்பதுபோல்
ஓரத்தை மட்டும் பிடித்துத் தட்டை நீட்டினார்.

"சிங்கப்பூர்ல இருந்து நாத்தனா அனுப்புனது.
வீட்டு டெக்குல ஓட மாட்டேங்குது.
மண்டலம் வேறங்கிறான் பக்கத்து வீட்டுப் பய.
மண்டலம்னா நாப்பத்தெட்டு நாளுதான தம்பி?"

உலகத்தை ஆறு கூறாகப் போட்டிருக்காங்கக்கா.
நாம அஞ்சு. சிங்கப்பூர் மூணு.
"யாரு போட்டது?"
படம் விக்கிறவங்க.
"நம்மகிட்ட கையெழுத்து வாங்குனாங்களா?"

என் கணினியின் டிரைவ் ஐந்து முறை மண்டலம் மாறும்.
ஐந்தாவதில் எங்கே நிற்கிறதோ அங்கேயே சாகும்வரை.
நான்கைச் செலவழித்துவிட்டேன்,
அதில் ஒன்று வெறும் வேடிக்கைக்கு.

கீழே முப்பது ரூபாய்க்கு இதே படம் இருக்கே என்றேன்.
"பாத்தாச்சு. அதுல பாலமே இல்ல."
இரண்டு சிடிக்குள் அடக்க வெட்டியிருப்பான்.
வெட்டியவனுக்கு அது ஒரு பாலம், அவ்வளவுதான்.

பிறகு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.
சோழவந்தானுக்கு வெற்றிலை எடுக்கப் போன செல்லப்பாண்டி
போய் ஏழு வருஷமாகிறது.
ஏழு முடிந்தால் செத்ததாக எழுதிக்கொள்ளலாமாம்.
வியாழக்கிழமை வாய்தா.
எல்ஐசி பணத்தில்தான் மகளின் நர்சிங் படிப்பு.
இந்த நேரம் பார்த்து நாத்தனார் போன்:
"ஏவி பாலத்துச் சண்டையில அண்ணன் மாதிரியே ஒருத்தரு மைனி."
படம் பிடித்தது போன வருஷம்.

திரை கேட்டது: மாற்றவா? மீதம்: ஒன்று.
அவரைப் பார்த்தேன்.
"போடுங்க."
மீதம்: பூஜ்யம்.

வைகையில் தண்ணீர் இல்லை, வெளுத்த துணிகள் காய்ந்தன.
கதாநாயகன் எவனையோ துரத்திக்கொண்டு ஓடினான்.
அவன் தோளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்,
ஓட்டுகிறவன் காலை ஊன்றி நின்று
நேராகக் கேமராவைப் பார்க்கிறான்,
பார்க்கக்கூடாதென்று யாரும் அவனிடம் சொல்லவில்லை போல.
முன்கம்பியில் துண்டு சுற்றி உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளை,
இரட்டைச் சடை. மூன்று வயசிருக்கும்.
மூன்று விநாடி.

நிறுத்தச் சொல்லவில்லை அவர்.
பாலம் முடிந்து, சண்டை முடிந்து,
ஒரு பாட்டும் பாதி போனபிறகு
"அவரில்ல" என்றார்.

மின்விசிறி ஓடும் சத்தம்.

"இத இங்க வேற யாரும் போட்டுப் பாக்க முடியுமா?"
நம்ம ஊரு மெஷின்ல ஓடாதுக்கா.
"காப்பி எடுத்தா?"
பூட்டுப் போட்டிருக்காங்க.
"நல்ல பூட்டா?"

அதே திரையின் ஓரத்தில் நரிமுகம் ஒன்று,
எந்தப் பூட்டையும் நாலு நிமிஷத்தில் திறக்கும்.
நரி முகத்தில் விழிப்பது நல்ல சகுனம் என்பார்கள்.
நான் சுட்டியை அந்தப் பக்கம் நகர்த்தவில்லை.
நல்ல பூட்டுக்கா என்றேன்.

தட்டை அதே அப்பளப் பிடியில் வாங்கிக்கொண்டார்.
"நாத்தனாகிட்ட டிஸ்க் ஓடலைன்னு சொல்லிர்றேன்.
எவ்வளவு தம்பி?"
ஓடாத டிஸ்க்குக்கு நான் காசு வாங்குறதில்லக்கா.

படியேறும்போது
பிள்ளைக்குத் தைப்பதுபோல் காற்றில் ஒரு சாண் அளந்தார்,
பிறகு கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது என் டிரைவ் சிங்கப்பூரில் இருக்கிறது.
மேலமாசி வீதியில் வாங்கிய அசல் தட்டைத் துப்புகிறது.
என்னய்யா இது என்று வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள்.
புதுசு வாங்க எண்ணூறு ரூபாய்தான்,
வாங்கவேண்டும்.